முஹர்ரக் போகும் வழியில் கொற்கை

தூத்துக்குடிப் பக்கம் அரபு நாட்டுக்குப் போகிறோம் என்று சொன்னால், எந்தக் கம்பெனி, என்ன சம்பளம் என்றுதான் கேட்பார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் துபாய்க்குப் போவார்கள். எனக்கு வேண்டியிருந்தது வேறு மாதிரியான ஊர். கடலோரமாக இருக்க வேண்டும், சந்தடி குறைவாக இருக்க வேண்டும், காலால் நடந்தே பார்த்து முடிக்கும் அளவில் இருக்க வேண்டும். மரக்கலம் கட்டுவதில் பேர்போன ஓமானின் சூர் நகரம் கொஞ்ச காலம் மனதில் இருந்தது. படங்களையும் வரைபடங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு பஹ்ரைனின் முஹர்ரக்கில் மனம் நிலைத்துவிட்டது. காரணம் முத்து.

முஹர்ரக் பஹ்ரைனின் பழைய தலைநகரம். இன்றைய தலைநகரமான மனாமாவுக்கு எதிரே தனித் தீவாகக் கிடக்கிறது. இடையில் பாலங்கள் உண்டு. நாட்டின் விமான நிலையம் இந்தத் தீவில்தான் இருக்கிறது. ஆனாலும் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் டாக்சி பிடித்துப் பாலத்தைத் தாண்டி மனாமாவுக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் தாண்டிப் போகும் அந்த ஊரில், முத்துக்குளிப்பு வாழ்ந்த இடங்களை 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பழைய நகரத்தின் 17 கட்டடங்கள், கடலுக்குள் 3 சிப்பிப் படுகைகள், கரையில் ஒரு துண்டு, அதன் முனையில் பூ மாஹிர் என்ற சின்னக் கோட்டை. இவற்றை இணைத்து மூன்றரை கிலோமீட்டர் நடைபாதை. வணிகர் வீடு, கப்பல் தலைவர் வீடு, குளியாள் வீடு, பள்ளிவாசல் என்று ஒரு தொழிலின் எல்லாப் படிகளையும் அந்தப் பாதையில் நடந்தே பார்த்துவிடலாம்.

இதைப் படித்ததும் எனக்குள் ஒரு கூச்சம். முத்துக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன் அயல்நாட்டு முத்துக் கடற்கரைக்குப் பயணம் திட்டமிடுகிறேன். என் கரையை ஒரே மூச்சில், தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்தது உண்டா? இல்லை. அதனால் திட்டத்தின் முதல் பகுதியை உள்ளூரிலேயே வைத்துக்கொண்டேன். கொற்கை, பழையகாயல், காயல்பட்டினம், அங்கிருந்து திரும்பித் தூத்துக்குடி திரேஸ்புரம். முத்து இடம் மாறிய வரிசையும் ஏறக்குறைய இதுதான்.

கொற்கைக்குத் திருச்செந்தூர் சாலையிலிருந்து மேற்கே திரும்ப வேண்டும். வழியெல்லாம் வாழையும் நெல்லும். பாண்டியரின் துறைமுகம் என்று சங்கப் பாடல்கள் புகழ்ந்த ஊர் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது. ஊரார் இரண்டாயிரம் ஆண்டு வயது சொல்லும் வன்னி மரம், குளம், கோயில், சில தெருக்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ் இந்த இடத்தைக் கொல்கி என்று குறிக்கிறது. இங்கே முத்துக்குளிக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. அந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்டு அங்கே நிற்கும்போது, முத்துமாலை என்று சொல்லவே நாக்கு தயங்குகிறது. அரசிகளின் கழுத்துக்குப் போன ஒவ்வொரு மணிக்கும் யாரோ ஒருவர் மூச்சைப் பிடித்திருக்கிறார், அதுவும் தன் விருப்பமில்லாமல்.

1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தது. 2021இல் மறுபடியும் அகழ்ந்தார்கள். நான் போனபோது பேச்சுக்கொடுத்த பெரியவர், வயலில் கிணறு வெட்டும்போது சங்குத் துண்டு வருவது சாதாரணம் என்றார். தூத்துக்குடியில் இன்றும் சங்கு குளிக்கிறார்கள் என்பதை அவர் சொல்லித்தான் மனம் சேர்த்துப் பார்த்தது.

கொற்கையிலிருந்து கடல் விலகியபோது துறைமுகமும் கடலைத் துரத்திக்கொண்டு போயிற்று. அப்படி வந்து நின்ற இடம் பழையகாயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ 'காயில்' என்று எழுதிய பெரிய துறைமுகம் இதுதான் என்று அடையாளம் காட்டியவர் பிஷப் கால்டுவெல். அவர் இந்தப் பக்கம் நடந்து திரிந்து, மண்ணிலிருந்து சீனப் பீங்கான் சில்லுகளையும் அரபு நாட்டு மட்பாண்ட உடைசல்களையும் பொறுக்கியிருக்கிறார். இன்று பேருந்து ஒரு நிமிடம் நின்று கிளம்பிவிடுகிற ஊர். உப்பளங்களின் வெள்ளை கண்ணைக் கூசவைக்கிறது.

என் பயணத் திட்டத்தில் இந்த ஊர் சும்மா வரவில்லை. ஹொர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரையும் மற்ற சரக்கும் ஏற்றிவரும் கப்பல்கள் இங்கே தொட்டன என்கிறார் மார்க்கோ போலோ. அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் விவரமாக எழுதுகிறார். கிஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் கஜானா விலை கொடுக்க வேண்டும். ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் பாண்டியரிடம் அமைச்சராக இருந்தார். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. குதிரை வந்த இடங்களின் பெயர்களை வஸ்ஸாஃப் வரிசையாகச் சொல்கிறார்: கதீஃப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹொர்முஸ். பஹ்ரைன்! எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு கரைகளுக்கும் நேரடிக் கணக்கு வழக்கு இருந்திருக்கிறது. அவர்களிடமும் முத்து, நம்மிடமும் முத்து. எனவே முத்தை விற்க இங்கே வர வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. குதிரை கொண்டுவந்தார்கள்.

காயல்பட்டினத்தில் எனக்கு ஒரு நண்பர் வீடு உண்டு. நண்பரின் காக்கா (அண்ணன்) பஹ்ரைனில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவரிடம் யோசனை கேட்பதுதான் திட்டத்தின் முக்கியமான வேலை. மத்தியானம் நெய்ச்சோறும் கறியும் கத்திரிக்காய் மாங்காயும் ஆன பிறகு பேச உட்கார்ந்தோம்.

"எப்ப போகலாம்னு இருக்கீங்க?"

"மே மாசம் லீவு கிடைக்கும் காக்கா."

"மேயா? வேண்டாம். சூடு மட்டும்னா நம்ம ஆளு தாங்குவான். அது கடல் ஈரத்தோட சேர்ந்த சூடு. சட்டையப் பிழியலாம். நவம்பர் கடைசியிலருந்து மார்ச்சுக்குள்ள போங்க. ஜனவரில ராத்திரிக்கு ஸ்வெட்டர் வேணும், சொன்னா நம்ப மாட்டீங்க."

நோன்பு மாதத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அப்போது பகலில் ஊர் அடங்கிக் கிடக்கும், ராத்திரிதான் கடைவீதி விழிக்கும். அதைப் பார்க்கவே போகிறவருக்கு அதுதான் சரியான மாதம், வீடுகளைப் பார்க்கப் போகிறவர் வேறு மாதம் தேடட்டும் என்றார். வெள்ளி சனி அங்கே வார விடுமுறை. ஜும்ஆ நேரத்துக்குக் கடைகள் சாத்தியிருக்கும். இந்தியர்கள் இணையத்திலேயே விசா எடுத்துக்கொள்ளலாம். நம் நேரத்துக்கு அங்கே இரண்டரை மணி நேரம் பின்னால். ஒரு தினார் ஆயிரம் ஃபில்ஸ். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் வாப்பா அங்கிருந்து கொண்டுவந்தது தினார் இல்லையாம், ரூபாய். உண்மைதான். 1965இல் தினார் வரும்வரை பஹ்ரைனில் செல்லுபடியானது ரூபாய்தான். 1959இல் நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சடித்துக் கொடுத்தது.

"முஹர்ரக் எப்படி இருக்கும் காக்கா? அந்தப் பழைய தெருவெல்லாம்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "உண்மையச் சொல்லவா? அங்க ஏர்போர்ட்டுதான் எனக்குத் தெரியும். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. ஒரு நாள் கூட அந்தத் தெருவுல நடந்ததில்ல. லீவு நாள்ல தூங்குவோம், துணி துவைப்போம், வீட்டுக்குப் போன் பண்ணுவோம். ஊரப் பாக்கவா போனோம்?"

இந்தக் கட்டுரை முழுவதிலும் என்னை அதிகமாக உறுத்துவது அவர் சொன்ன இந்தப் பதில்தான். நம் கரையிலிருந்து எத்தனையோ பேர் வளைகுடா நகரங்களைக் கட்டினார்கள், ஓட்டினார்கள், கூட்டிப் பெருக்கினார்கள். அந்த நகரங்களின் வயது என்ன, பக்கத்துத் தெருவில் யார் வாழ்ந்தார்கள் என்று பார்க்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. நான் விடுமுறை எடுத்துக்கொண்டு நடக்கப்போகும் தெரு, அவர்களுடைய உழைப்பால் நமக்கு அறிமுகமான நாட்டின் தெரு. காக்காவை உடன் வரச் சொன்னேன். மூட்டு வலி என்றார். பிறகு மகனிடம் பாஸ்போர்ட் தேதி முடிந்துவிட்டதா என்று கேட்டது காதில் விழுந்தது.

சாயங்காலம் ஊரைச் சுற்றினேன். காயல்பட்டினத்துத் தெருக்களுக்கு இடையில் முடுக்குகள் உண்டு. பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலேயே வீட்டுக்கு வீடு போய்வர விடப்பட்ட ஒடுக்கமான சந்துகள். அந்நிய ஆண்கள் அதற்குள் நுழைவதில்லை, நானும் வாயில் வரை நின்று பார்த்ததோடு சரி. முஹர்ரக்கிலும் வீடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. சந்தில் வெயில் விழாது, வீட்டுக்குள் முற்றம், சில வீடுகளின் மேல் காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும் கோபுரம். கடற்காற்றும் மறைவும் இரண்டும் வேண்டும் என்று நினைத்த மக்கள், கடலின் இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி ஊர் போட்டிருக்கிறார்கள்.

தூத்துக்குடிக்குத் திரும்பியதும் திரேஸ்புரம். சங்குகுளி வள்ளங்கள் நிற்கும் கரை. முத்து போன பிறகும் மூச்சடக்கும் தொழில் இங்கே சங்கால் பிழைத்துக் கிடக்கிறது. இன்று பலர் கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். அது உயிருக்கு ஆபத்து, அரசு தடுத்தும் இருக்கிறது. ஆனாலும் வெறும் மூச்சில் குளிக்கிறவர்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. வலை கிழிசல் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்தேன்.

தூத்துக்குடியில் கடைசியாகச் சிப்பி அள்ளியது 1961இல். 1955இல் தொடங்கிச் சில ஆண்டுகள் நடந்த குளிப்பு அதோடு நின்றது. அந்தக் கடைசிக் காலத்தில் இவர் சிறுவன். அப்பா குளியாள். வள்ளத்தில் தண்ணீர் இறைக்கவும் கயிறு கவனிக்கவும் இவரை ஏற்றியிருக்கிறார்கள்.

"கல்லுல கால வச்சி இறங்குவாங்க தம்பி. கல்லு அடியில போனதும் மேல இழுத்துருவோம். கூட நெறஞ்சா கயித்த ஒரு இழு இழுப்பாங்க. அந்த இழுப்புக்குத்தான் கண்ணும் காதும். அது வரலன்னா…" என்று நிறுத்தினார். "எங்கப்பா மூக்க கையாலதான் பொத்துவாரு."

அரபுக் குளியாட்கள் வேறு விதம். அவர்கள் கொம்பில் செய்த கிடுக்கியை மூக்கில் மாட்டுவார்கள்; ஃபிதாம் என்று அதற்குப் பெயர். இது நம் பக்கத்தார் கேள்விப்பட்ட செய்தி மட்டும் இல்லை, கண்ணால் கண்டது. 1905இல் கடலுக்கு அந்தப் பக்கம் மன்னார் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்துக்கு, அதாவது பெரும் முத்துக்குளிப்புக்கு, பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுக் குளியாட்கள் ஏராளமாக வந்து இறங்கினார்கள். கீழக்கரை ஆட்களும் தூத்துக்குடிப் பரதவர்களும் அவர்களும் ஒரே பாரில், அதாவது சிப்பிப் படுகையில், முங்கினார்கள். வெற்று மணல் கரையில் சில வாரங்களுக்கு ஒரு பட்டணமே எழுந்து, குளிப்பு முடிந்ததும் கலைந்தது. முஹர்ரக்கின் பழைய வீடுகளில் யாராவது ஒரு குளியாள் மன்னார்க் கடலின் குளிரைப் பேரனிடம் சொல்லியிருப்பான் என்று நினைக்கவே எனக்குப் பிடித்திருக்கிறது.

இரண்டு கரைகளின் கணக்கும் வேறு. அங்கே கோடை முழுக்க, ஏறக்குறைய நான்கு மாதம், ஆண்கள் கடலிலேயே கிடப்பார்கள். நம் பக்கம் ஆண்டுதோறும் குளிப்பு கிடையாது. பாரில் சிப்பி முற்றியிருக்கிறதா என்று அரசு பார்த்து, முரசறைந்தால்தான் குளிப்பு. பிறகு பத்தாண்டு, இருபதாண்டு ஒன்றும் இல்லாமல் போகும். தொலையிரம் பார் போன்ற பெயர்பெற்ற படுகைகளில் கோடிக்கணக்கில் குஞ்சுச் சிப்பி ஒட்டிக்கிடக்கும், அடுத்த முறை பார்க்கும்போது வெறும் பாறை இருக்கும். அள்ளிய சிப்பியை மூன்றாகக் கூறு போட்டு இரண்டு கூறு அரசுக்கு, ஒரு கூறு குளியாளுக்கு. அங்கே இன்னும் கொடியது: கப்பல் தலைவனான நகுதாவிடம் முன்பணம் வாங்கிய குளியாள் கடனிலேயே கிடந்தான், அவன் செத்தால் கடன் மகன் தலையில் ஏறிய காலமும் உண்டு. ஆங்கிலேயர் 1920களில் சீர்திருத்தம் கொண்டுவந்தார்கள். அதற்குள் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தையை நிரப்பியது, 1929இன் உலகப் பொருளாதாரச் சரிவு விலையை அடித்தது, 1932இல் பஹ்ரைன் மண்ணில் எண்ணெய் கிடைத்தது. குளியாட்கள் எண்ணெய்க் கம்பெனிக்குப் போனார்கள்.

"இப்ப பாரெல்லாம் என்ன ஆச்சு ஐயா?"

"பாரு எங்க போகும்? அங்கனதான் கெடக்கு. சிப்பிதான் வரல."

சிப்பி ஒரு விதத்தில் வந்தது. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி க.அழகர்சாமியின் குழு, நம் கடற்சிப்பிக்குள் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. இந்தியாவில் அதுவே முதல் வெற்றி. பஹ்ரைன் இதற்கு நேர்மாறான பாதையில் போயிற்று: வளர்ப்பு முத்து வியாபாரத்தையே அந்த நாடு சட்டத்தால் தடுத்து வைத்திருக்கிறது. இயற்கை முத்து என்ற பெயரைக் காப்பாற்ற ஒரு நாடு எடுத்துக்கொண்ட பிடிவாதம் அது.

எனக்கு இந்தப் பயணத்தில் தெளிவான ஒன்று உண்டு. நம் கரையில் முத்தின் எல்லாச் சின்னங்களும் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்து நடக்க ஒரு பாதை மட்டும் இல்லை. கொற்கையும் பழையகாயலும் இருக்கின்றன. பரதவர்கள் 1530களில் கிறித்தவத்தைத் தழுவியதற்கு முத்துக்குளிப்பு உரிமையில் எழுந்த சண்டைதான் முக்கியக் காரணம். அந்த வரலாற்றின் சாட்சியாக 1713இல் எழுந்த பனிமய மாதா பேராலயம் இருக்கிறது. டச்சுக்காரர் கட்டிய 18ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் இருக்கிறது. காயல்பட்டினத்தில் முத்தும் மாணிக்கமும் விற்ற வணிகர் வீடுகள் இருக்கின்றன. திரேஸ்புரத்தில் உயிரோடு குளியாட்கள் இருக்கிறார்கள், மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகள் பழைய துறைமுகத்தில் நிற்கின்றன. ஜோ டி குரூஸ் இந்தக் கரையை வைத்தே 'கொற்கை' என்று பெரிய நாவல் எழுதி 2013இல் சாகித்திய அகாதமி விருது வாங்கினார். ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவர் மக்ரூன் வாங்கிக்கொண்டு திருச்செந்தூருக்குக் கார் ஏறிவிடுகிறார். ஒரு பலகை, ஒரு வழிகாட்டி வரைபடம், முத்துக்கென்று ஒரு கூடம் அவர் கண்ணில் படுவதில்லை.

முஹர்ரக்கிலும் அரசு ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. 2002இல் ஷைகா மய் பின்த் முஹம்மது அல் கலீஃபா என்ற பெண்மணி தன் தாத்தாவின் பெயரில் ஒரு பண்பாட்டு மையம் தொடங்கி, இடிந்து கிடந்த வீடுகளை ஒவ்வொன்றாகச் சீர்செய்யத் தொடங்கினார். பிறகு அவரே அமைச்சரானார். யுனெஸ்கோ ஏற்பு வந்தது, 2019இல் முஹர்ரக் புத்துயிர்ப்புப் பணிக்குக் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது வந்தது. எங்கே தொடங்கினார்கள், எந்த வீட்டை விட்டுவிட்டார்கள், குடியிருந்த ஏழைகள் என்ன ஆனார்கள் என்று நேரில் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் நன்றாக இல்லாவிட்டால் அதையும் எழுத வேண்டும்.

திட்டம் இப்படி நிற்கிறது. ஜனவரியில் பயணம். தங்குவது முஹர்ரக்கிலேயே, பாலம் தாண்டப் போவதில்லை. தெற்கே பூ மாஹிர் கோட்டையில் தொடங்கி, முத்து போன்ற உருண்டை விளக்குக் கம்பங்களைப் பிடித்துக்கொண்டு வடக்கே முத்து வணிகர் சியாதி வீடு வரை நடப்பது. ஒரு தடவை காலையில், ஒரு தடவை விளக்கு வைத்த பிறகு. சந்தையில் முஹர்ரக் ஹல்வாவும் மீன் சோறும். அவர்கள் ஹாமூர் என்று கொண்டாடுவது நம் களவா மீனைத்தான், ஸாஃபி என்பது நம் ஓராவை. முடிந்தால் படகில் ஒரு படுகை வரை.

திரேஸ்புரத்துப் பெரியவர் கொடுத்தனுப்பும் கேள்விகள் தனி. அங்கே சுறாவை வாய்கட்ட மந்திரவாதி உண்டா என்று கேட்கச் சொன்னார். நம் பக்கம் அவர்களைக் கடற்கட்டி என்பார்கள். மார்க்கோ போலோ காலத்தில் அவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. அங்கே கயிறு இழுக்கும்போது பாட்டு உண்டா என்றும் கேட்டார். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. ஃபிஜ்ரி என்று பெயர், குளிப்புக் கப்பல்களின் பாட்டு, 2021இல் யுனெஸ்கோ மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது என்றேன். நம் அம்பா பாட்டை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று அவர் கேட்டார். தன் அப்பா பாடியதில் பாதிதான் தனக்கு நினைவிருக்கிறது என்றும், மீதி தெரிந்த ஒருவர் இனிகோ நகர்ப் பக்கம் இருப்பதாகவும், அவருக்குக் காது மந்தம், பாட்டு மந்தமில்லை என்றும் சொன்னார்.

டிக்கெட் போடுவதற்கு முன்பு செய்ய வேண்டியது அதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவுக் கருவியோடு இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கிறேன்.